செத்தல் மிளகாய்ச் சோதனை

1

மாசி மாதம் பிறந்தால் எனக்கு ஒரு கடிதம் வந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வருகிறது. தொழில் காப்புறுதி அலுவலகம் அனுப்புகிற கடிதம். நுரையீரலைப் படம் எடுக்க நாள் குறித்திருக்கிறோம், தவறாமல் வாருங்கள் என்று எழுதியிருக்கும். நான் இருக்கிற இந்தச் சிறிய ஜேர்மன் நகரத்தில் என் பிறந்தநாளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. என் நுரையீரலை மட்டும் மறக்கமாட்டார்கள்.

நான் இங்கே பார்த்தது கல்லறைக்கல் வெட்டும் வேலை. இறந்தவர்களை எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்கிற குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் கணிதம் படித்து, கடைசியில் வெள்ளைக்காரரின் தலைமாட்டுக்குக் கருங்கல் அறுத்துப் பிள்ளையை வளர்த்தேன். நான் அறுத்த கற்களின் கீழே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் கணக்கு வைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்ல வேண்டாம் என்று மனைவி கேட்டுக்கொண்டதால் நிறுத்திவிட்டேன்.

இந்த முறை மகள்தான் காரில் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி மண்டபத்தில் ஆறு கதிரைகள். முன்பெல்லாம் எங்கள் பட்டறைக்காரர் நான்கு பேர் அதில் இருப்போம். இப்போது இரண்டு பேர். ஒருவர் ஊர் மாறிப் போய்விட்டார். யூசுப் இல்லை. யூசுப் துருக்கிக்காரன், எனக்குப் பக்கத்து மெஷின். வேலை செய்யும்போது பாடுவான், சிகரெட்டைத் தொட்டதில்லை. எங்கள் பட்டறைக்கு வருமுன் வேறோர் இடத்தில் தண்ணீர் விடாமல், முகமூடி இல்லாமல் பல காலம் கல் அறுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது.

கல்லுக்குள் சிலிக்கா என்றொரு பொருள் இருக்கிறது. அறுக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூசு அவ்வளவு பொல்லாதது அல்ல, துடைத்தால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதுதான் ஆழமாய்ப் போய் நுரையீரலில் தங்கி, அங்கே தழும்பு வைக்கும். வருடங்கள் கழித்து மூச்சு முட்டும். சிலருக்குப் புற்றுநோயும் வரும். இதை இங்கே எங்களுக்குப் படம் போட்டுச் சொல்லித்தந்தார்கள்.

படத்தைப் பார்த்த டொக்டர் இளம் பெண், மகளின் வயது இருக்கும். ஒரு மாற்றமும் இல்லை, போய் விடுமுறையைக் கொண்டாடுங்கள் என்றாள். வடிவாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். அந்த மூலையையும் பார்த்தீர்களா என்றேன். அதற்கு மேல் அவளும் என் மகளும் தங்களுக்குள் ஜேர்மனில் வேகமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள், என்னை விட்டுவிட்டு. மகள் சிரித்தது மட்டும் விளங்கியது.

"அப்பா, நல்ல செய்தி சொன்னாலும் நீங்கள் விடமாட்டீங்கள்," என்றாள் வரும் வழியில். அந்த ஒரு வசனத்தைத் தமிழில் சொன்னாள். மிச்சம் எல்லாம் ஜேர்மன். அவளுடைய மகனுக்குப் பதினொரு தமிழ்ச் சொற்கள் தெரியும், அதில் நான்கு சாப்பாடு. என்னை 'அம்மப்பா' என்று திருத்தமாகக் கூப்பிடுவான். நானும் அதோடு சமாதானப்பட்டுக்கொள்வேன்.

டொக்டர் விடுமுறைக்குப் போகச் சொன்னாளே என்று பங்குனியில் யாழ்ப்பாணத்துக்கு, கொக்குவிலில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

2

போவதற்கு முன் எங்கள் பட்டறை மேற்பார்வையாளர் ஹெல்முட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் கொக்குவிலில் நான் ஏன் சொந்தத் தங்கச்சியோடு மல்லுக்கு நின்றேன் என்பது விளங்காது.

ஹெல்முட் காலையில் வாசலில் நின்று எங்களுடைய கன்னங்களைப் பார்ப்பார். குற்றிக் குற்றியாய் முடி தெரிந்தால் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து சவரக்கத்தியும் நுரையும் எடுத்து நீட்டுவார். முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டி இருக்கவேண்டும். இடையில் முடி நின்றால் காற்று அந்த வழியால் போகும், காற்றோடு தூசும் போகும். எவ்வளவு விலை உயர்ந்த முகமூடியாக இருந்தாலும் சரிதான். முதலில் கல்லுக்குத் தண்ணீர், அதன் பிறகு முகத்துக்கு முகமூடி, முகமூடிக்கு முன் சவரம். அவருடைய வேதம் அவ்வளவுதான்.

மகள் வயிற்றில் இருந்தபோது அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னா, பெண்சாதி பிள்ளைத்தாச்சியாய் இருக்கும்போது முகம் வழிக்கக்கூடாது என்று. நானும் தாடியோடு வேலைக்குப் போனேன். ஹெல்முட் லாச்சியைத் திறந்தார். எனக்கு அப்போது ஜேர்மன் அரைகுறை. வயிற்றைத் தொட்டு, தாடியைத் தொட்டு, வானத்தையும் காட்டி விளங்கப்படுத்தினேன். அவர் என் தாடியைக் கூர்ந்து பார்த்தார்.

"பிள்ளை உன் தாடிக்குள்ளா இருக்கிறது?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்படியானால் வழி."

வழித்தேன். அம்மாவுக்கும் சொன்னேன். அன்றைக்கு அவ பாதியிலேயே தொலைபேசியை வைத்துவிட்டா.

3

என் தங்கச்சி மலரின் மகன் சுதன் மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஒரு கொட்டகை எடுத்துக் கல் வெட்டுகிறான். குசினி மேடைக்குப் போடுகிற பளபளப்புப் பலகைக் கல். யாழ்ப்பாணத்தில் இப்போது வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அது வேண்டும், வெளிநாட்டுக்காரர் கட்டுகிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். அதிலும் செயற்கைக் கல் என்று ஒன்று வந்திருக்கிறது. பார்க்க மிக வடிவு. கருங்கல்லில் இருப்பதைவிட அதில் சிலிக்கா கூடுதல். ஒரு நாட்டில் அதை வெட்டுவதையே தடைசெய்துவிட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் மூன்று முகமூடிகளையும் அவற்றுக்கு வேண்டிய வடிகட்டிகளையும் சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோனேன். கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். நீங்கள் டொக்டரா என்றார். இல்லை, கல் வெட்டினவன் என்றேன். மூன்று எதற்கு, வியாபாரமா என்றார். மருமகனுக்கு ஒன்று, அவனோடு வேலை செய்கிறவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்றேன். நீங்கள் ஓய்வு பெற்றவர்தானே, உங்களுக்கு எதற்கு என்றார். நியாயமான கேள்வி. நான் பதில் யோசிப்பதற்குள் அவர் முகமூடியைத் தன் முகத்தில் வைத்து, பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து யானை மாதிரிப் பிளிறிக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். பெட்டியை மூடித் தந்துவிட்டார்கள்.

கொட்டகைக்குப் போன அன்று பக்கத்து வளவின் வாழைமரங்களைப் பார்த்தேன். ஒன்பது மரமும் அரிசிமாப் பூசினதுபோல் வெள்ளையாய் நின்றன. உள்ளே சுதன் கிரைண்டரால் தண்ணீர் இல்லாமல் கல்லை அறுத்துக்கொண்டிருந்தான். மூக்கைச் சுற்றி ஒரு லேஞ்சித் துணி. அவனோடு வேலை செய்கிற பாலன், நாற்பது வயது தாண்டின மனிதர், கொரோனாக் காலத்து நீலத் துணி முகமூடியைத் தாடைக்குக் கீழே மாட்டியிருந்தார். நான் என்னையறியாமல் "வாஸர்! வாஸர்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஜேர்மனில் தண்ணீர் என்று அர்த்தம். பயத்தில் வாயில் அந்த மொழிதான் வந்தது.

பாலன் கிரைண்டரை நிற்பாட்டச் சொல்லிக் கை காட்டினார். "சுதன், ஐயா ஆரையோ தேடுறார்," என்றார்.

அன்றிலிருந்து கொட்டகையில் எனக்கு 'வாஸர் ஐயா' என்று பெயர்.

தண்ணீர் விடயத்தில் சுதன் இரண்டு நாள் முரண்டு பிடித்தான். சேறாகும், கோடு தெரியாது, கறன்ற் அடிக்கும் என்றான். கறன்ற் பயம் எனக்கும் உண்டு. அதனால் தண்ணீர் விட்டு அறுப்பதற்கென்றே செய்த மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், மின்சாரம் கசிந்தால் தானே அணைகிற சுவிச்சையும் பூட்டுவித்தேன். நிலத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். அறுக்கும்போது தூசு எழும்புவது நன்றாகக் குறைந்தது. ஆனால் ஓரம் தீட்டவும் பாத்திரம் கழுவுகிற சிங் வைக்கிற ஓட்டையைச் சரிப்படுத்தவும் சின்ன கிரைண்டர்தான் வேண்டும், அங்கே தூசு எழும்பத்தான் செய்யும். அதற்கு முகமூடி இல்லாமல் ஆகாது.

சிக்கல் அங்கேதான் வந்தது. சுதன் முகத்தில் ஒரு சாண் தாடி.

4

சுதனின் மனைவி துளசிக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை என்பதால் அளவெட்டியிலுள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் பிள்ளைத்தாச்சியான செய்தி தெரிந்த நாளிலிருந்து சுதன் முகம் வழிக்கவில்லை. மலரின் கட்டளை.

ஒரு மதியம் மலரின் வீட்டில் வைத்து அவனுக்கு முகமூடியை மாட்டிவிட்டு, வடிகட்டிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னேன். ஒழுங்காக ஒட்டியிருந்தால் முகமூடி முகத்தோடு உறிஞ்சிக்கொள்ளவேண்டும்.

"என்ன செய்யுது?"

"வடிவா மூச்சு வருது மாமா."

"வரக்கூடாதடா! எதாலை வருது?"

"கன்னத்தாலை."

"அதாலைதான் தூசும் வரும். தாடியை எடு."

குசினிக்குள் இருந்த மலர் வெளியே வந்துவிட்டாள்.

"என்ன அண்ணை, வந்ததும் வராததுமாப் பெடியன்ரை தாடியிலை நிக்கிறியள்? முதல் பிள்ளை. ஒண்டு கிடக்க ஒண்டு ஆச்செண்டால் ஆர் பதில் சொல்லுறது? உங்கடை ஜேர்மன் முகமூடியோ?"

"நானும்தான் வழிச்சனான். எனக்குப் பிள்ளை பிறக்கேல்லையே?"

"பிறந்ததுதான். தமிழ் கதைக்கிறாளோ?"

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பாலன் குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டார். இத்தனை வருடமும் மகள் தமிழ் பேசாததற்கு நானும் மனைவியும் ஆயிரம் காரணம் தேடியிருக்கிறோம், சவரக்கத்தியை மட்டும் சந்தேகிக்கவில்லை.

அடுத்த நாள் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நுரையீரலைக் கீறி, மூச்சுக்குழாய்களைக் கிளை கிளையாய்ப் போட்டு, தூசு போய்த் தங்குகிற இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டினேன். மலர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பிலாப்பழம் மாதிரிக் கிடக்கு அண்ணை."

யூசுப்பைப் பற்றிச் சொன்னேன். பாவம் என்றாள், உண்மையாகவே கண் கலங்கினாள். பிறகு, "அந்தாள் லேஞ்சிகூடக் கட்டேல்லைத்தானே. இவன் கட்டுறான்," என்றாள். தாடி தாடியாகவே இருந்தது.

சுதன் இரண்டு பக்கமும் தலை ஆட்டினான். "இன்னும் இரண்டு மாதம்தானே மாமா. பிள்ளை பிறக்கட்டும், வழிச்சுப்போட்டு நீங்கள் சொன்னபடி போடுறன்."

"அதுவரைக்கும் தீட்டாதை. அளவெடு, ஓடர் எடு. தீட்டுறதைப் பாலன் செய்யட்டும்."

"இஞ்சை வீடு கட்டுற சுவிஸ்காரற்றை குசினி சித்திரையிலை முடியவேணும். குடிபூருறதுக்கு நாள் பாத்தாச்சு. பாலனண்ணை தனிய என்னண்டு செய்யிறது?"

சாயந்தரம் அவன் வேலை முடிந்து வந்து முற்றத்தில் நின்று சேர்ட்டை உதறுவான். மாலை வெயிலில் அந்தத் தூசு எழும்பி மினுங்கும். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடுவேன். ஓடிப்போய் இருந்து யோசிப்பேன். பிறக்கப்போகிற பிள்ளை நடந்து, ஓடி, சைக்கிள் பழகுகிற காலத்தில் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு இவனுக்கு மூச்சு இருக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அவனுடைய தாயும் அந்தப் பிள்ளைக்காகத்தான் தாடியைக் காவல் காக்கிறாள். ஒரே பிள்ளையின் பெயரால் இரண்டு பேர் சண்டை பிடித்தால் யார் வெல்வது?

5

நான் திரும்புவதற்குக் கொஞ்சம் முன், எனக்குக் கொடுத்துவிட மலர் கறித்தூள் இடிக்க ஆயத்தம் செய்தாள். மல்லியும் சீரகமும் வறுத்து முடித்து, காய்ந்த செத்தல் மிளகாயை அடுப்பிலிருந்த தாச்சியில் போட்டாள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதவர் ஊரில் இல்லை. யன்னல் எல்லாம் திறந்தபடி, மேலே காற்றாடி சுற்றியபடி, பக்கத்து வீட்டில் முதல் தும்மல் கேட்டது. அவர்கள் நாய்கூட எழும்பித் தெருப்பக்கம் போனது.

என் நுரையீரலில் ஒரு மாற்றமும் இல்லை என்று டொக்டர் சொல்லியிருந்தாள். அதைப் பழுதாக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் உதவிக்கு வரச்சொல்லி மலர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னுடைய முகமூடியை மாட்டிக்கொண்டு குசினிக்குள் போய், கொட்டின மிளகாயைச் சுளகில் பரப்பிக்கொண்டு நின்றேன்.

மலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி இருமி இருமி அகப்பையால் கிளறினாள். கொஞ்ச நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, உங்களுக்கு மூக்கடைப்போ?"

"இல்லை."

"பேந்தென்ன இருமாமல் நிக்கிறியள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் எரிந்து நீர் ஓடியது, அது எல்லோருக்கும் பொது. ஆனால் தொண்டையில் ஒன்றும் இல்லை. நாட்காட்டித் தாளில் பிலாப்பழம் கீறிக் காலத்தை வீணாக்கியிருக்கிறேன்!

கேற்றில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. சுதனும் பாலனும் சாப்பிட வந்திருந்தார்கள். இருவரையும் தங்கள் முகமூடிகளோடு உள்ளே வரச்சொன்னேன்.

"விசரே மாமா, மிளகாய் வறுக்கேக்கை ஆரும் உள்ளை வருவினமே?"

"வாடா சொல்லுறன்."

முதலில் பாலன் வந்தார். அவர் அன்று காலைதான் முகம் வழித்திருந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கி, பிறகு நேரே அடுப்புக்குப் போய்த் தாச்சிக்கு மேலே குனிந்து பார்த்தார். மலரின் கையிலிருந்த அகப்பையை வாங்கி அவரே கிளறினார். ஒரு சத்தம் இல்லை. "அம்மா, இன்னும் கொஞ்சம் கறுக்கோணும்," என்றார் முகமூடிக்குள்ளிருந்து, பெரிய சமையல்காரர் மாதிரி.

சுதன் இரண்டு எட்டு வைத்தான். முகமூடிக்குள் ஒரு இருமல். பிறகு நிற்கவே இல்லை. பதினாலு வரை எண்ணினேன், அதற்கு மேல் அவன் முற்றத்துக்கு ஓடிவிட்டான்.

மலர் தாச்சியை இறக்கி வைத்தாள். வெளியே மகன் கிணற்றடியில் இருமிக்கொண்டு முகம் கழுவும் சத்தம் கேட்டது.

"ரண்டும் ஒரே முகமூடியோ அண்ணை?"

"ஒரே பெட்டியிலை வாங்கினது."

"அப்ப தாடியாலைதான் உள்ளை போகுது."

"ஓம்."

"கல்லுத்தூசும் உப்பிடித்தான் போகுமோ?"

"போகும். மிளகாயெண்டால் உடனை இருமல் வந்து சொல்லிப்போடும். தூசு ஒண்டும் சொல்லாது. உள்ளை போய்த் தங்கி இருக்கும்."

அவள் அகப்பையைக் கழுவினாள். கழுவினதையே திரும்பவும் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அளவெட்டிக்கு அழைப்பு எடுத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"துளசி, இவன்ரை தாடியிலை கொஞ்சம் கை வைப்பம் எண்டு பாக்கிறன். நீ என்னம்மா சொல்லுறாய்?"

"ஐயோ மாமி, முதலே செய்திருக்கலாம். போன கிழமை வீடியோவிலை வந்தவர், ஆரோ சாமியார் பிழையா எடுத்திட்டார் எண்டு நான் கட் பண்ணிப்போட்டன்."

ஆனால் மலர் முழுவதும் விட்டுக்கொடுக்கிறவள் அல்ல. சுதனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினாள். முகமூடியின் விளிம்பு அழுத்தின தடம் தாடிக்குள் ஒரு வட்டமாய்த் தெரிந்தது. சாமித்தட்டிலிருந்து திருநீற்றை எடுத்துக் குழைத்து, அந்தத் தடத்துக்கு ஒரு விரல் உள்ளே சுற்றிக் கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டுக்கு வெளியாலை கிடக்கிறதை எல்லாம் வழி. உள்ளுக்கை கிடக்கிறதைத் தொடாதை. பிள்ளைக்கு நேர்ந்தது பிள்ளைக்குக் கிடக்கட்டும். சரியே அண்ணை?"

நான் யோசித்துப் பார்த்தேன். விளிம்பு தொடுகிற இடத்தில் முடி இல்லை. உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டால் மூச்சு வால்விலும் முட்டாது. பிழை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு இது அபூர்வம்.

சந்திச் சலூன்காரர் திருநீற்றுக் கோட்டை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது எந்த நாட்டு வெட்டு?" என்று கேட்டார்.

"பாதி ஜேர்மனி, பாதி அம்மா," என்றான் சுதன்.

திரும்பி வந்தபோது அவன் முகம், வழித்த கன்னங்களின் நடுவே வாயைச் சுற்றி ஒரு கறுப்புத் தீவு மாதிரி இருந்தது. மலர் ஒரு பிடி மிளகாயை எடுத்து வைத்திருந்தாள். அடுப்பை மூட்டி அதைப் போட்டாள். சுதன் முகமூடியோடு உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். மிளகாய் கறுத்து முடியும்வரை நின்றான். இருமினது மலர் மட்டும்தான். இருமிக்கொண்டே சிரித்தாள்.

6

வைகாசியில் துளசிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் சுகம். சுவிஸ்காரர் குறித்த நாளில் குடிபுகுந்துவிட்டார். சுதன் தீவையும் வழித்துவிட்டான். பிள்ளையைத் தூக்குமுன் வேலை உடுப்பைக் கொட்டகையிலேயே கழற்றி, குளித்துவிட்டு வருகிறானாம். உதறாமல் தண்ணீரில் ஊறப்போட்டுத் தோய்க்கிறாளாம் மலர். இவற்றை நான் அடிக்கடி அழைப்பு எடுத்து விசாரிக்கிறேன். அடிக்கடி என்றால் எவ்வளவு என்பதை என் மகள் எண்ணி வைத்திருக்கிறாள்.

இங்கே கொண்டுவந்த கறித்தூளில் பேரனுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டாவது தமிழ்ச் சொல்லாக 'உறைக்குது' கிடைத்தது.

ஊரில் இப்போது நடக்கிற மிளகாய்ச் சோதனையில் எனக்கு ஒரு கவலை உண்டு. ஹெல்முட்டின் வேதத்தில் மிளகாய் இல்லை. இங்கே இதற்கென்று ஆட்கள் கருவியோடு வந்து முறையாகச் சோதிப்பார்கள். மாசியில் அந்தக் கதிரையில் போய் இருக்கும்போது டொக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்கவேண்டும். சிரிப்பாள், சிரிக்கட்டும். மிளகாயில் தேறினாலும் கல்லுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தக்கூடாது, வடிகட்டியை மாற்ற மறக்கக்கூடாது, வருடத்தில் ஒருமுறையாவது நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லி அனுப்புகிறேன். "ஓம் மாமா," என்பான் சுதன். அந்த ஓமை நான் முழுதாக நம்புவதில்லை.

ஆனால் மலரை நம்புகிறேன். தூளுக்கு மிளகாய் வறுக்கிற நாளில் இப்போது கொட்டகைக்காரர் எல்லோரும் முகமூடியோடு அவளுடைய குசினிக்கு வரவேண்டும். இருமுகிறவர் நேரே சலூனுக்கு. அப்படியும் இருமினால் அன்றைக்குக் கிரைண்டர் இல்லை, அளவெடுக்கத்தான் போகலாம். நான் விட்டுவந்த மூன்றாவது முகமூடி, சுதன் புதிதாகச் சேர்த்த பெடியனுக்கு. சந்தியில் கல் வெட்டுகிற மற்றக் கடைக்காரர் ஒருவரும் இரண்டு ஆட்களை முகமூடி வாங்கிக்கொடுத்து அனுப்பத் தொடங்கியிருக்கிறார்.

நேற்று அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. தாச்சியில் அகப்பை உரசுகிற சத்தம், அவளுடைய இருமல், நடுவில் சொல்கிறாள்: "அண்ணை, இண்டைக்கு ஐஞ்சு பேர் நிக்கினம். ஒருத்தரும் இருமேல்லை."

திரும்பவும் போட்டு, மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். எண்ணுவதற்கு மலரின் இருமலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.